பெரட்டு கோஷ்டியும் மேல்பீலித் தண்ணியும்

கித்துல்கலையில் ஆற்றை விட்டு மேலே ஏறினால் ரப்பர் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு வரும். அந்த மேற்கணக்கில் சின்னத்துரையை அறியாதவர் என்று யாரும் கிடையாது. காது கேட்காதவர்கள்கூட அவரை அறிவார்கள். அவர் ஸ்பீக்கர் பொக்ஸைப் போட்டால் நெஞ்சுக்கூடு அதிருமே, அப்புறம் எப்படி அறியாமல் இருப்பது?

சின்னத்துரை சவுண்ட் செட்காரர். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, சாவு என்று எதுவானாலும் அவருடைய பொக்ஸ்தான் கத்தும். மே தினத்தில் காலையில் ஒரு சங்கத்துக்கும், மத்தியானத்துக்கு மேல் அதை ஏசுகிற அடுத்த சங்கத்துக்கும் அதே மைக்கைத் துடைத்துக் கொடுப்பார். “என்னண்ணே இது?” என்று யாராவது கேட்டால், “மைக்கு நம்மளது, பேச்சு அவங்களது. நமக்கென்னங்க வந்துச்சு?” என்பார். ஊரிலுள்ள அத்தனை வாய்க்கும் மைக் பிடித்த அந்த மனுஷன் தன் வாயைத் திறந்து மைக்கில் சொன்னது “ஹலோ, மைக் டெஸ்டிங்” மட்டும்தான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. யார் பக்கமும் சாயாத உத்தமர் என்று சிலர் சொல்வார்கள். பயந்தாங்கொள்ளி என்று அவர் மனைவி ரதி சொல்வாள். ரதி சொல்வதுதான் சரி.

ரதி ரப்பர் பால் வெட்டுகிறவள். இந்த மலையில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் எதிர்மலையில் வெட்டுகிறவள் பதில் சொல்லுவாள். மனதில் பட்டதை அங்கேயே போட்டு உடைத்துவிடுவாள். பேச்சில் உடைக்க முடியாததைப் பாட்டில் உடைப்பாள். அந்த மேற்கணக்கில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பேர் வச்சிப் பாடுறது என்பார்கள். ஒருவன் அநியாயம் செய்தானா, அவன் முகத்துக்கு நேரே நின்று, பாட்டின் கடைசி அடியில் அவன் பேரைப் போட்டுப் பாடிவிட வேண்டும். பேர் வாங்கினவன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, செய்ததைத் திருத்திவிட வேண்டும். கோபித்துக்கொண்டால் அடுத்த பாட்டில் அவன் மாமியார் பேரும் சேர்ந்து வரும். அதனால் எவனும் கோபிப்பதில்லை.

பாட்டு இதுதான்:

பாலு வடிஞ்சா ஒங்களுக்கு
பட்ட காஞ்சா எங்களுக்கு
கஞ்சியில உப்பில்லையே
கருப்பண்ணக் கங்காணி!

கருப்பண்ணக் கங்காணி செத்து மண்ணாகி, அந்த மண்ணில் நட்ட ரப்பரும் பட்டுப்போய், மறுபடி நட்டாயிற்று. அவருக்குப் பிறகு அந்தக் கடைசி அடியில் எத்தனையோ பேர் ஏறி இறங்கினார்கள். கணக்கப்பிள்ளைகள் ஏறினார்கள், கூப்பன் கடை மனேஜர் ஒருவர் ஏறினார், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவுக்கு வந்த பால்மாவை வீட்டுக்குக் கொண்டுபோன ஓர் அம்மாவும் ஏறினார். வைக்கப் பேர் இல்லாத நல்ல நாளில் மட்டும் பழைய கங்காணியைக் கூப்பிட்டு இடத்தை நிரப்புவார்கள்.

இனி கித்தார் வந்த கதை. இளவயதில் சின்னத்துரை அவிசாவளையில் ஒரு பைலாப் பாட்டுக் கோஷ்டிக்குப் பெட்டி தூக்கினவர். அங்கே எந்நேரமும் குடித்துவிட்டுக் கிடந்த கித்தார்காரரிடம் கம்பியில் விரல் வைக்கிற மூன்று கோட் படித்துக்கொண்டார். நாலாவதைப் படிப்பதற்குள் அந்த மனுஷனைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு பழைய கித்தாரையும் அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். ருவான்வெல்லையில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் றஊப் நானாதான் ஒரு நாள் ஒரு சின்ன இரும்புப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இத கித்தாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில மாட்டுங்க சின்னத்துரை. கால வச்சி ஒரு மிதி. மலை சரிஞ்சி வாற மாதிரி சத்தம் வரும். வாங்க ஆளில்லாம இங்க கெடந்து தூசி புடிக்கிது.”

வீட்டுக்கு வந்து மிதித்துப் பார்த்தார். வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரம் முழுக்க நடுங்கியது. அடைக்கோழி முட்டையை விட்டுவிட்டு ஓடியது. சின்னத்துரைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அட, இத்தனை காலம் இந்தச் சத்தம் எங்கேடா இருந்தது என்று அந்தப் பெட்டியைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு சடங்கு வீட்டில் பாட்டுப் போடுகிற பென் டிரைவ் உயிரை விட்டுவிட்டது. வந்த சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. சபை கலைந்துவிடக் கூடாதே என்று ரதி எழுந்து கங்காணிப் பாட்டை எடுத்தாள். அவள் தங்கை மகன் லோஜன், ஆற்றில் வெள்ளைக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றிக்கொண்டு போகிற இளந்தாரி, தப்பை எடுத்துப் பெரட்டு அடி அடித்தான். அந்தக் காலத்தில் விடியற்காலையில் சனத்தை வேலைக்குக் கூப்பிட அடிக்கிற அடி அது. சின்னத்துரைக்குக் கால் சும்மா இருக்குமா? கித்தாரை மாட்டிக்கொண்டு பெட்டியை மிதித்தார். பொடியன்கள் கதிரைகளை ஓரத்தில் எறிந்துவிட்டு ஆடிய ஆட்டத்தில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. வேலையிலிருந்து நின்று எத்தனையோ வருஷமான ஒரு பெரியவர், பெரட்டு அடி கேட்டதும் கைப்பழக்கத்தில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தது பெரும்பாடு.

யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, கோஷ்டிக்கு ‘பெரட்டு’ என்று பேரும், லோஜனுக்கு ஒரு ட்ரம் செட்டும் வந்துவிட்டன. அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே கூத்தை! ஓப்பநாயக்கவில் கூப்பிட்டார்கள், கேகாலையில் கூப்பிட்டார்கள். சங்கத்துத் தலைவர் அழகமுத்து, கருப்பண்ணக் கங்காணியின் சொந்தக் கொள்ளுப்பேரன், “எங்க பூட்டன் பேருல ராக் பாட்டு!” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோஷ்டிக்கு டீ-ஷர்ட் அடித்துக் கொடுத்தார். முன்பக்கம் தன்னுடைய படம், பின்பக்கம் ‘போராட்டம்’ என்ற எழுத்து. தோட்டத்துக் கம்பனி வருஷப் பார்ட்டிக்குக் கூப்பிட்டது. பெரிய துரை டையைத் தளர்த்திக்கொண்டு, கஞ்சியில உப்பில்லையே, உப்பில்லையே என்று குதித்தார். கையில் பொரித்த கோழிக்கால். கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்து, ஒடுக்கப்பட்டோரின் குரல் என்று பெனர் கட்டி, குரல் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டிச் சோறும் ஒரு சான்றிதழும் தந்தது.

செத்த கங்காணியை ஏசுவதில் ஒரு பெரிய சௌகரியம், இருக்கிறவன் யாருக்கும் வலிக்காது. சின்னத்துரைக்கு அது பிடித்திருந்தது. ரதிக்குத்தான் பிடிக்கவில்லை.

“செத்தவன எத்தன தடவைங்க ஏசுறது? பாவம், அந்த மனுஷன் மண்ணுக்குள்ளயாச்சும் நிம்மதியா தூங்க வேணாமா?” என்றாள்.

“ஒனக்கு வேற வேலையில்ல. சனம் ஆடுதுல்ல?” என்றார் இவர்.

ரதியின் ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. லயத்துக்கு மேலே, பாறை இடுக்கிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீர் தலையில் விழுகிற மாதிரி ஒரு குழாய், அதாவது பீலி, வைத்திருந்தார்கள். சுற்றிலும் மரம், ஆளரவம் இல்லாத மறைவு. பால் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற பெண்களுக்கு அந்த மேல்பீலிதான் கதி. ரப்பர் பால் வாடை இலேசில் போகிற வாடையா? தலைமுழுகினால்தான் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்ட மனம் வரும். பழைய துரை பங்களாவைக் கம்பனி ஹோட்டல்காரர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தபோது பீலியும் சேர்ந்து போய்விட்டது. வேலி வந்தது, கேட் வந்தது, ‘இயற்கை நீராடல், விருந்தினருக்கு மட்டும்’ என்று மூன்று பாஷையில் போர்டும் வந்தது.

பெண்கள் ஆற்றுக்கு இறங்கினார்கள். ஆற்றிலோ படகு மேல் படகு. ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர்கள் குறுக்குக் கட்டோடு நிற்கிற பெண்களைப் பார்த்து “ஹலோ!” என்று கையசைத்துவிட்டுப் போனை நீட்டுவார்கள். ஒரு நாள் லோஜன் தலையைக் குனிந்துகொண்டே வந்து தன் போனைப் பெரியம்மாவிடம் காட்டினான். எவனோ ஒருத்தனின் இணையப் பக்கத்தில் ரதியின் படம். ஈரத் தலையும் குறுக்குக் கட்டுமாக, சவர்க்காரம் தேடுகிறவள். அதற்குக் கீழே ஊர் உலகமே இதயம் போட்டிருந்தது.

ரதி அன்றைக்கு அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். “என் மானம் அந்த ஆத்தோட போவுதுங்க. நீங்க ஒரு ஆம்பள, ஒரு வார்த்த போய்க் கேக்கக் கூடாதா?”

சின்னத்துரைக்கும் ரோஷம் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஹோட்டலுக்கு ஏறினார். பீலியைக் கேட்கப் போனவர் ஒரு ஷோவுக்கு ஓடர் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நடந்தது இதுதான். ஹோட்டல் மனேஜர் மதுசன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வாய் நிறையச் சிரிப்பு. இவர் வாயைத் திறப்பதற்குள், “வாங்கோ அண்ணை, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தனான்,” என்று குளிர்ந்த தேசிக்காய்த் தண்ணியைக் கையில் கொடுத்தான். “உங்கட பாட்டிலை ஒரு கோவம் இருக்குது பாருங்கோ, அதைத்தான் வெளிநாட்டுக்காரர் விரும்பீனம். அந்தக் கோவத்தை எட்டு மணிக்கு முன்னம் முடிச்சுத் தந்தியள் எண்டால் நல்லம். பிறகு டின்னர் இருக்கு.”

“ஆகட்டுங்க தம்பி,” என்று வந்துவிட்டார்.

ரதி ஏச வாயெடுத்தாள். பிறகு யோசித்தாள். “சரி, நான் பாடுறேன். ஆனா பேரு வச்சித்தான் பாடுவேன். அந்தத் தம்பி முன்னுக்கு நிப்பாருல்ல? அவரு மூஞ்சிக்கே பாடுறேன். நம்ம வழக்கப்படி தொறந்து விடட்டும்.” அன்றிரவே பாட்டும் கட்டிவிட்டாள்.

சின்னத்துரை கணக்குப் போட்டுப் பார்த்தார். ஹோட்டலைப் பகைத்தால் கம்பனி முறைக்கும், கம்பனி முறைத்தால் தலைவர் கழுத்தைத் திருப்புவார், அப்புறம் சவுண்ட் செட்டை யார் கூப்பிடுவது? வேண்டாம் என்று ரதியிடம் சொல்லவும் தைரியம் இல்லை. பாம்பும் சாகக் கூடாது, தடியும் உடையக் கூடாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சொல்லவே வெட்கமான வழி.

ஷோ அன்றைக்கு ரதி தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு மேடையேறினாள். பழைய கங்காணிப் பாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் ஆடி முடித்ததும், மதுசன் பக்கம் திரும்பி எடுத்தாள்:

ஊத்து மலை ஊத்து
ஒங்கப்பன் வெட்டலையே
பீலிக்கு வேலி என்ன…

சின்னத்துரை பெட்டியை மிதித்தார். மிதித்த காலை எடுக்கவே இல்லை. லோஜனும் அதுதான் உச்சமென்று நினைத்து ட்ரம்மை வெளுத்து வாங்கினான். அந்த இரைச்சலுக்கு நடுவே ரதி கழுத்து நரம்பு புடைக்க, கையை நீட்டி, மதுசன் முகத்துக்கு நேரே பேரை வைத்தாள். மதுசன் சிரித்தான், கைதட்டினான், துள்ளினான். ரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். பேர் வாங்கினவன் சிரித்துவிட்டானே! இனிப் பீலி நம்மளது என்றுதான் அவள் நம்பினாள். சின்னத்துரை கித்தாரைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் ரதி நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு, சவர்க்காரமும் மாற்றுத் துணியுமாக, ராணி மாதிரி நடந்து கேட்டுக்குப் போனாள். காவலுக்கு நின்ற சிங்களப் பெரியவர் கையை விரித்தார். “பே அக்கே, பே. மட்ட பனீவி,” என்று கெஞ்சினார். விட்டால் தனக்கு ஏச்சு விழும் என்றார். அந்த நேரம் பார்த்து மதுசனும் வந்தான்.

“அக்கா! நேற்றுக் கலக்கிப்போட்டியள்! அந்தக் கடைசிப் பாட்டு என்ன பாட்டு? ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனா அடி எண்டால் அடிதான்!”

ரதிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. கூட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாரும் வந்த வழியே திரும்பி ஆற்றுக்கு இறங்கினார்கள்.

லயத்துக்கு வந்ததும், ஷோவில் யாரோ எடுத்து லோஜனின் போனுக்கு அனுப்பியிருந்த வீடியோவை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். தன் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் இல்லை. அப்புறம் புருஷனின் கால் எங்கே இருந்தது என்று பார்த்தாள்.

சின்னத்துரை கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவள் கத்தவில்லை.

“கங்காணி பெரம்பால அடிச்சான். நீங்க கால வச்சி மிதிச்சிட்டீங்க,” என்றாள். “நான் அந்த ஆத்துல நிக்கிற படத்தப் பாத்தீங்கள்ல? பாத்துட்டுத்தானே மிதிச்சீங்க?”

அதோடு சரி. அதற்குப் பிறகு ரதி அவரோடு பேசவில்லை. சோறு வரும், தேத்தண்ணி வரும், பேச்சு வராது. தகரம் நடுங்குகிற சத்தத்துக்குப் பழகின மனுஷனுக்கு அந்த ஒரு காம்பரா வீட்டின் அமைதி தாங்கவில்லை. கண்ணு என்றார், தாயே என்றார், ஒன்றுக்கும் மசியவில்லை. றஊப் நானாவிடம் போய்ப் புலம்பினார். “அதுக்கு ஏங்கிட்ட பெட்டி இல்லயே சின்னத்துரை,” என்று நானா கையை விரித்துவிட்டார்.

இதற்குள் ஹோட்டல் முதலாளி கொழும்பிலிருந்து வருவதாகவும், வெளிநாட்டுச் சுற்றுலாக் கம்பனிக்காரர்கள் பலர் கூட வருவதாகவும், பெரட்டு கோஷ்டி கட்டாயம் வேண்டும் என்றும் மதுசன் ஆள் விட்டான். ரதி வர மாட்டாள் என்று தெரியும். சின்னத்துரை ஹோட்டலுக்குப் போய், அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று புளுகினார்.

“அப்ப நீங்கள் பாடுங்கோ அண்ணை. ஆருக்கு விளங்கப்போகுது?” என்றான் மதுசன்.

அந்தப் பேச்சு அவரை எங்கேயோ குத்தியது. யாருக்கும் விளங்காதபடி பார்த்துக்கொண்டது யார்? நாந்தானே!

ஷோ அன்று மாலை வெள்ளைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முதலாளி, தமிழ் ஒரு சொல் தெரியாத மனுஷர், பக்கத்தில் மதுசன். குசினிப் பக்கம் தட்டுக் கழுவுகிற, மெத்தை விரிக்கிற லயத்துப் பிள்ளைகள். வேலிக்கு வெளியே பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு ரதியும் நின்றாள்.

சின்னத்துரை குனிந்து இரும்புப் பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கினார். ட்ரம்முக்குப் போன லோஜனைத் தடுத்து, “தப்ப மட்டும் எடு. மெதுவா,” என்றார். மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். பழக்கதோஷத்தில் “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்றார். குசினிப் பக்கம் சிரித்தது. குரல் என்னவோ துருப்பிடித்த கேட் திறக்கிற குரல்தான். ஆனால் சொல் சொல்லாக விழுந்தது:

ஊத்து மலை ஊத்து
ஒங்கப்பன் வெட்டலையே
பீலிக்கு வேலி என்ன
மதுசன் மனேஜரே!

தட்டுக் கழுவுகிற சத்தம் நின்றது. மதுசனின் சிரிப்பு அப்படியே உறைந்தது. சின்னத்துரை விடவில்லை. வந்தது வரட்டும் என்று இன்னொரு தடவையும் பாடினார். இந்தத் தடவை குசினிப் பிள்ளைகளும் கடைசி அடியைச் சேர்ந்து சொன்னார்கள். வேலிக்கு வெளியிலிருந்தும் சத்தம் வந்தது.

முதலாளி குனிந்து ஆங்கிலத்தில் கேட்டார், உன் பேரைச் சொல்கிறார்களே, என்ன பாட்டு? வெள்ளைக்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் மதுசனுக்கு வாயில் வந்தது இதுதான்: இது நன்றிப் பாட்டு, சேர். ஹோட்டலுக்குச் சொந்தமான ஊற்றை இந்தத் தோட்டத்துப் பெண்கள் குளிப்பதற்காகத் திறந்து விட்டிருக்கிறோம் அல்லவா, அதற்காக என் பேரைச் சொல்லிப் பாடுகிறார்கள்.

முதலாளிக்கு முகம் மலர்ந்தது. வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு அம்மாள், எத்தனை அழகான காரியம், நாளைக்கு அதைப் பார்க்கலாமா என்று கேட்டாள். தாராளமாக என்று முதலாளியே வாக்குக் கொடுத்துவிட்டார்.

இங்கிலீஸ் தெரிந்த லோஜன் அதை வேலிக்கு வெளியே சொன்னபோது பெண்கள் சிரித்த சிரிப்பு லயம்வரை கேட்டது. ரதி மட்டும் சிரிக்கவில்லை. மேடைப் பக்கம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம், பால் நிறுத்துக் கொடுத்த கையோடு பெண்கள் மேல்பீலிக்குப் போனார்கள். கேட் திறந்து கிடந்தது. போர்டைக் காணோம். பாதையின் இரண்டு பக்கமும் முதலாளியும் வெள்ளைக்காரர்களும் நின்றார்கள், கையில் போன், முகத்தில் கனிவு. மதுசன் வழிகாட்டிக்கொண்டிருந்தான். மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தபடியால் சின்னத்துரையும் ஒரு ஓரத்தில் நின்றார்.

ரதி பீலிக்கு முன்னால் வந்து நின்றாள். நீட்டியிருந்த போன்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். “தம்பி, தொறந்து விட்டீங்க, சந்தோஷம். இப்ப எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லுங்க.”

மதுசன் பதறினான். “அக்கா, அவை விருந்தினர். அதை நான் என்னண்டு சொல்லுறது?”

“நேத்து சொன்னீங்கள்ல, நல்லாத்தானே சொன்னீங்க. அதே மாதிரி இதையும் சொல்லுங்க.”

அவன் என்ன சொன்னானோ, மன்னிப்புக் கேட்டானோ, இது இந்த ஊர்ச் சம்பிரதாயம் என்றானோ தெரியாது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து முதலாளியும் திரும்பினார். முதலாளியைப் பார்த்து மதுசனும் திரும்பினான்.

சின்னத்துரை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“ஒங்களுக்குன்னு தனியா சொல்லணுமாங்க?” என்றாள் ரதி.

அவர் சட்டென்று திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் பெண்கள் வாளியை இறக்கினார்கள்.